‘இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை’

வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, சொல்லிவைத்த மாதிரி ஒரே விஷயத்தைப் பற்றியவை. அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த பதின்ம வயதுப் பிள்ளைகள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். முதல் கடிதத்துக்கு நிறைய எழுதிவிட்டேன். மற்ற மூவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் கணவர் போன ஐப்பசியில் தவறிவிட்டார். வயது 44. டூவீலர் மெக்கானிக். ராத்திரி 11 மணிக்கு நெஞ்சு எரிகிறது, சோடா வாங்கி வா என்றார். மகன்தான் போனான். அவன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது அவன் பத்தாவது; இப்போது பிளஸ் ஒன். சுடுகாட்டில் அவன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து, மொட்டைத் தலையோடு கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். சொந்தக்காரர்கள் கல்நெஞ்சன் என்றார்கள். இப்போது ராத்திரி இரண்டு மணி வரை போன். எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். அவர் வேலைக்குப் போட்டுப் போகும் கிரீஸ் சட்டையைத் துவைக்க விடாமல் தலைமாட்டில் வைத்திருக்கிறான். அவனுக்கு ஞாபகம் வரக்கூடாது என்று போட்டோவைக்கூடப் பீரோவில் வைத்துவிட்டேன். நான் அழுவதென்றால் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத்தான். என் கொழுந்தனார், துக்கத்துக்கு ஐந்து படி உண்டு, இவன் கோபப் படியில் நிற்கிறான், தானாக இறங்குவான் என்கிறார். இவனை டாக்டரிடம் காட்டவா, விட்டுவிடவா?
— திண்டுக்கல் மாவட்ட வாசகி

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் இரண்டு தடவையும் என் கண் கிரிக்கெட்டிலும் போனிலுமே நின்றது, உங்களைப் போலவே. மூன்றாவது தடவைதான் அந்த சோடா கண்ணில் பட்டது.

நீங்கள் அதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அவன் தாண்டியிருக்க மாட்டான். ராத்திரி 11 மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? தெருமுனையில் சாத்தியிருப்பார்கள். அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். நடந்தானா, ஓடினானா, வழியில் எவனாவது கூட்டாளி நிறுத்திப் பேசினானா, நமக்குத் தெரியாது. ஏழு மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பையன் அந்தக் கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டு மணி வரை போனைப் பார்ப்பது கேம் மேல் உள்ள ஆசையால் மட்டும் இருக்காது. போனை அணைத்தால் கண்ணுக்குள் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்.

அதனால் முதலில் சோடாவைப் பற்றிக் கேளுங்கள். “அன்னிக்கு சோடாவுக்குப் போனியே, கடை தொறந்திருந்துச்சாடா?” அவ்வளவுதான். எதிரே உட்காரவைத்துக் கேட்காதீர்கள். இந்த வயசுப் பையன்கள் முகத்துக்கு நேரே பேச மாட்டார்கள். எங்காவது அவனோடு சேர்ந்து நடந்துபோகும்போது கேளுங்கள். பூண்டு உரித்துக்கொண்டு கேளுங்கள். “தெரியல” என்று எழுந்து போய்விடலாம். போகட்டும். ஏழு மாதமாக வாசலில் நின்ற கேள்வி அன்றைக்கு வீட்டுக்குள் வந்துவிட்டது. இன்னொரு நாள் அவனே எடுப்பான்.

மாரடைப்பு பல பேருக்கு நெஞ்செரிச்சல் மாதிரிதான் ஆரம்பிக்கும். சோடா ஐந்து நிமிஷம் முன்னால் வந்திருந்தாலும் அது அவரைக் காப்பாற்றியிருக்காது. இதை நீங்கள் சொன்னால், அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைப்பான். ஒரு டாக்டர் வாயால் கேட்க வேண்டும். உங்களுக்குப் பழக்கமான டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு அவனை அழைத்துப் போங்கள். அப்படியே, ‘எனக்கும் 44 வயசில் இப்படி வருமா’ என்று அவன் மனசுக்குள் ஓடுகிற கேள்விக்கும் அங்கே பதில் கிடைக்கும். அப்பா நெஞ்சுவலியில் போன பிள்ளைகளில் இதை நினைக்காத ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வாய்விட்டுக் கேட்டவர்களையும் அதிகம் பார்த்ததில்லை.

(மற்ற வாசகர்களுக்கு: நெஞ்செரிச்சலோடு குப்பென்று வியர்த்தால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் சோடா, சீரகத் தண்ணீர் என்று நேரம் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தங்கச்சி, இது உங்களைக் குற்றம் சொல்ல அல்ல. அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்ததைத்தான் செய்தீர்கள்.)

சரி, அழாததற்கும் கிரிக்கெட்டுக்கும் வருகிறேன். 1975-ல் என் அப்பா இறந்தபோது எனக்கு 16 வயது, தம்பிக்கு 14. அப்பா கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் போஸ்ட்மேன். வீட்டில் துஷ்டிக்கு வந்த கூட்டம் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, தம்பி கொல்லைப்புறத்தில் தனியாகக் கோலி ஆடிக்கொண்டிருந்தான். பெரியப்பா வந்து பளாரென்று ஓர் அறை விட்டார். அன்றைக்கும் அவன் அழவில்லை. அப்புறமும் அழவில்லை. காரியச் செலவுக்காக அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிளை மாமா விற்றுவிட்டார், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். தம்பி வாயே திறக்கவில்லை. அவனுக்கு ஐம்பது வயதான பிறகு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என்னிடம் சொன்னான்: “அக்கா, அந்த சைக்கிள் பெல் மூடியில ஒரு நசுங்கல் இருக்கும்ல. அதை வச்சு பஜார்ல கண்டுபிடிச்சேன். பின்னாலேயே நடந்து அவங்க வீடு வரைக்கும் போனேன். ரெண்டு மூணு தடவை போய் எதிர்ல நின்னு பார்த்துட்டு வந்திருக்கேன்.” முப்பத்தாறு வருஷம் அதை உள்ளே வைத்திருந்தவனைத்தான் கல்நெஞ்சன் என்றார்கள்.

பெரியவர்களுக்குத் துக்கம் மழைக்காலம் மாதிரி அடைத்துக்கொண்டு பெய்யும். பிள்ளைகளுக்குத் தூறி நின்று, வெயிலடித்து, மறுபடி தூறும். ஒரு மணி நேரம் விளையாட்டு, அப்புறம் திடீரென்று ஒரு வெறித்த பார்வை. நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் எழுதியதும் இதுதான்: துக்கப்படுகிற மனசு இழப்புக்குள் போவதும், அதை விட்டு வெளியே வந்து அன்றாடத்தைப் பார்ப்பதுமாக ஊஞ்சலாடும்; இரண்டுமே வேண்டும். உங்கள் மகனுக்கு அந்தக் கிரிக்கெட் மைதானம்தான் மூச்சுவிடக் கிடைத்த இடம்.

உங்கள் கொழுந்தனாரின் ஐந்து படிக்கு வருவோம். அது எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. அவர் பேசியது சாகப்போகிற நோயாளிகளிடம். உறவைப் பறிகொடுத்தவர்களுக்கு என்று அளந்து கட்டிய படி அல்ல அது. அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று வீட்டில் யாரும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்று கொழுந்தனாரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

கருமாதி அன்று உங்கள் பக்கத்தில் உருமா கட்டும் வழக்கம் உண்டா? எங்கள் பக்கம் உண்டு. பங்காளிகள் சுற்றி நிற்க, பையன் தலையில் துண்டைக் கட்டி, “இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை, அம்மாவை நீதான் பார்த்துக்கணும்” என்பார்கள். சொல்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். பதினைந்து வயதுப் பையன் அந்தத் துண்டை அவிழ்க்கத் தெரியாமல் நிற்பான். அப்பாவுக்குப் பதிலாகத் தன்னை வைத்துவிட்டார்கள் என்றால் அவன் யாருக்காக, எங்கே போய் அழுவான்? அந்தத் துண்டை நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும். “அன்னிக்கு எல்லாரும் சொன்னது சொன்னபடி இருக்கட்டும். இந்த வீட்டுக்குப் பெரியவ நான். நீ படிக்கிற பையன். கேஸ் புக் பண்ணு, கடைக்குப் போ, போதும்.” இதே வார்த்தையில் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கும் பேங்குக்கும் அவனை அலையவிடாதீர்கள். “தகப்பனார் இறந்த தேதி?” என்று கவுன்டரில் கேட்பார்கள். அதற்கு அவன் பதில் சொல்ல வேண்டாம், கொழுந்தனார் போகட்டும்.

குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு அது கேட்கிறது, தங்கச்சி. இரண்டு அறை வீட்டில் எந்தக் குழாய்ச் சத்தம் எதை மறைக்கும்? அவன் அழக்கூடாது என்று நீங்கள் போட்டோவை ஒளித்தீர்கள். நீங்கள் அழக்கூடாது என்று அவன் அப்பா என்ற வார்த்தையையே விட்டுவிட்டான். இப்படி ஒருவருக்கொருவர் பாவம் பார்த்தே வீட்டிலிருந்து அந்த மனிதரை மொத்தமாகத் துடைத்துவிட்டீர்கள். போட்டோவை வெளியே எடுத்து மாட்டுங்கள். மாலை, சீரியல் பல்பு போட்ட போட்டோ மட்டும் வேண்டாம். பட்டறையில் கையெல்லாம் கரியோடு சிரிக்கிற செல்போன் படம் ஒன்று இருக்குமே, அதையும் பிரிண்ட் போடுங்கள். அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்போ எதுவோ, வைக்கும்போது “உங்கப்பா இருந்தா சட்டியையே வழிச்சிருப்பாரு” என்று சொல்லிச் சிரியுங்கள். கண் கலங்கினால் கலங்கட்டும், அவன் முன்னாலேயே. ஆனால் அவனைக் கட்டிக்கொண்டு “எனக்கு யாருமே இல்லையேடா” என்று மட்டும் அழுதுவிடாதீர்கள். அது மறுபடியும் உருமா கட்டுவதுதான்.

சட்டையைத் துவைக்காதீர்கள். அதில் கிரீஸ் வாடையும் வியர்வை வாடையும் இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கும். அவர் சிம்கார்டை ரீசார்ஜ் செய்கிறீர்களா? செய்யாமல் விட்டால் அந்த எண் ஒருநாள் வேறு யாருக்கோ போய்விடும், இவன் போட்டுப் பார்க்கிற ராத்திரியில் முன்பின் தெரியாத ஒரு குரல் “யாரு?” என்று கேட்கும். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை இந்த வாரமே வேறு போனிலும் ஒரு பென்டிரைவிலும் போட்டுவையுங்கள். பட்டறைச் சாமான், அவர் வண்டி, எதை விற்பதானாலும் அவனைக் கேட்டுவிட்டு விற்கவும். விற்றே ஆக வேண்டிய நிலை என்றால் கணக்கைக் காட்டிச் சொல்லுங்கள், ஒரு ஸ்பேனரையாவது அவனுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் மாமா அந்த பெல் மூடியைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். ஒரு ஸ்க்ரூதான்.

இன்னொன்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். பதினாறாம் நாள் உங்கள் பொட்டை அழித்து, வளையலை உடைத்தபோது அவன் எங்கே நின்றான்? என் அம்மாவுக்குச் செய்தபோது நாங்கள் கதவோரம் நின்றோம். அன்றைக்கு எங்களுக்கு அப்பாவோடு சேர்ந்து அம்மாவின் முகமும் போனது. மஞ்சள் பூசி, எட்டணா அளவு குங்குமம் வைத்த அந்த முகத்தை நான் அப்புறம் பார்க்கவே இல்லை. உங்களுக்கு விருப்பம் இருந்தால், யார் என்ன சொன்னாலும், நாளைக்குக் காலையில் ஒரு பொட்டை எடுத்து வையுங்கள். அவனிடமே “இது நல்லாருக்காடா?” என்று கேளுங்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியில் 70 குடும்பங்களைச் சேர்ந்த 125 பிள்ளைகளை வில்லியம் வோர்டனும் ஃபில்லிஸ் சில்வர்மனும் இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். எல்லாம் பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகள். மிச்சமிருக்கும் அப்பாவோ அம்மாவோ எப்படி இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் பெரும்பாலும் பிள்ளையும் இருந்தது. முதல் வருஷம் சமாளித்துவிட்டதாகத் தெரிந்த சில பிள்ளைகளுக்கு இரண்டாம் வருஷம்தான் கஷ்டம் வெளியே வந்தது. ஆகவே தலைத் திவசத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், பி.பி. பார்த்துக்கொள்ளுங்கள், பார்த்துக்கொண்டதை அவனிடம் சொல்லுங்கள். ராத்திரி அவன் விழித்திருப்பதற்கு இன்னொரு காரணம், நீங்கள் மூச்சு விடுகிறீர்களா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். “எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னை மாமா பார்த்துப்பாரு, பேசி வச்சிருக்கேன்” என்று பெயர் சொல்லிச் சொன்னால் பயம் அதிகமாகாது, குறையும்.

டாக்டரிடம் காட்டவா என்று கேட்டீர்கள். கோபம், மார்க் குறைவு, பேசாமல் இருப்பது, இதற்கெல்லாம் அவசரம் இல்லை. பள்ளிக்கூடமே போகாமல் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தால், குடிப்பழக்கம் தொட்டால், ‘அப்பாகிட்டயே போயிடுறேன்’ என்கிற மாதிரி வார்த்தை வந்தால், ஆசையாக வைத்திருந்த சாமானையெல்லாம் அடுத்தவனுக்குக் கொடுக்க ஆரம்பித்தால் அன்றைக்கே போக வேண்டும். சந்தேகமாக இருந்தால் நேரடியாகவே கேளுங்கள், “சாகணும்னு தோணுதாடா?” என்று. கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்றுதான் தெரியும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2022-ல் நீடித்த துக்கத்தைத் தனியாகச் சேர்த்தபோது, பெரியவர்களுக்கு 12 மாதம், பிள்ளைகளுக்கு 6 மாதம் என்று வைத்தது. ஏழு மாதமாகியும் வருத்தம் இருக்கிறது என்பதே நோய் அல்ல. அநேகமாகத் தினமும் அதே ஏக்கம் அவனை எழவிடாமல், எதையும் செய்யவிடாமல் அமுக்குகிறதா என்பதுதான் கேள்வி. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-ம் உண்டு. முதலில் நீங்கள் பேசிப் பாருங்கள், உங்களுக்காக.

பணம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது. கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒன்று உண்டு. கணவரை இழந்த தாயின் பிள்ளைகளுக்கு, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்டு அங்கே மனு கொடுக்கலாம். குடும்ப வருமானம் கிராமத்தில் வருஷம் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கொழுந்தனாரைக் கூட்டிப் போங்கள். ஐந்து படியை விட்டு அந்த அலுவலகப் படி ஏறட்டும்.

நான் பிளஸ் டூ படிக்கிறேன். அம்மா இரண்டு வருஷம் கேன்சரில் கஷ்டப்பட்டு நான்கு மாதம் முன்னால் இறந்துபோனார். இப்போது சமையல், தம்பி, துணி எல்லாம் நான்தான். “இனி தம்பிக்கு நீதான் அம்மா” என்கிறார் அத்தை. அம்மா இறந்த அன்று எனக்கு முதலில் வந்தது ‘அப்பாடா’ என்ற நினைப்பு. யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் தோழி பிறந்தநாளில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து என்னையே அறைந்துகொண்டேன். நான் கெட்டவளா?
— மாணவி, தஞ்சாவூர் மாவட்டம்

இல்லை, கண்ணு.

இரண்டு வருஷம் நீ எத்தனை ராத்திரி முழித்திருப்பாய்? வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவிவிட்டு ஸ்கூல் வேன் பிடித்திருப்பாய். அந்த ‘அப்பாடா’ அம்மா போனதற்கு வந்தது இல்லை. அம்மாவின் வலி நின்றதற்கு வந்தது. கூடவே உன் தோளும் ஒரு நிமிஷம் இறங்கியது, அதுவும்தான். நோயாளியைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட எத்தனையோ பேருக்கு இந்த நினைப்பு வருகிறது; எழுபது வயதுக் கிழவிகள் என் காதில் கிசுகிசுத்திருக்கிறார்கள். நீ பதினேழு வயதிலேயே எழுதிவிட்டாய், நல்லதாகப் போயிற்று.

தோழி வீட்டில் சிரித்தது சரிதான். இன்னும் போய்ச் சிரி. அடுத்த தடவை கை கன்னத்துக்குப் போனால், அந்த நேரத்தில் தோழிக்கு ஒரு போன் போடு. ‘அம்மா பின்னாலேயே போய்விடலாம்’ போல எப்போதாவது தோன்றினால் 14416-க்கு அடி. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ம் உன் வயதுப் பிள்ளைகளுக்கானதுதான்.

நீ தம்பிக்கு அம்மா இல்லை. அக்கா. அக்கா என்றால் தம்பியோடு ரிமோட்டுக்குச் சண்டை போடலாம். அத்தையிடம் இதைச் சொல்லி மல்லுக்கு நிற்காதே. அதற்குப் பதில் கீழே உள்ள பத்தியை மட்டும் அப்பாவிடம் படிக்கக் கொடு.

ஐயா, உங்களுக்கும் துக்கம்தான், தெரியும். ஆனால் உங்கள் மகளுக்கு இது பொதுத் தேர்வு வருஷம். ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர், குக்கரில் நான்கு விசில். அரிசியைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். இரண்டு நாள் குழையும், மூன்றாம் நாள் சரியாகிவிடும். காலைச் சமையல் உங்களுடையது என்று இந்தத் திங்கட்கிழமை முதல் வைத்துக்கொள்ளுங்கள். துணி காயப்போடத் தம்பிக்குக் கை இருக்கிறது. மாதாமாதம் மளிகைச் சாமான் பட்டியலில் நாப்கினையும் எழுதி நீங்களே வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். அதற்காக அவள் உங்களிடம் காசு கேட்டு நிற்கிற நிலை வரவேண்டாம். இரண்டாம் கல்யாணப் பேச்சை உறவுக்காரர்கள் ஆரம்பித்திருப்பார்கள். முடிவு உங்களுடையது. ஆனால் அந்தச் செய்தி அவள் காதுக்கு முதலில் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும், அடுப்படியில் அத்தை வாயிலிருந்து அல்ல.

கண்ணு, மறுபடி உனக்கு. அம்மா வைக்கிற மாதிரி வற்றல்குழம்பு வரவில்லை என்று கடித ஓரத்தில் எழுதி அடித்திருக்கிறாய். அடித்தது எனக்குப் படிக்க முடிந்தது. அம்மாவின் அக்கா, தங்கை யாராவது இருந்தால் கேள்; ஒரே அடுப்படியில் கற்றுக்கொண்டவர்களுக்குக் கைப்பக்குவம் ஒட்டியிருக்கும். அவர்கள் சொல்வதை உன் கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதிவை. தேர்வு முடிந்த பிறகு. இப்போது குழம்பு எப்படி வந்தாலும் தம்பி சாப்பிடட்டும்.

என் வகுப்பில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், தந்தையை இழந்து, திங்கட்கிழமை பள்ளிக்குத் திரும்புகிறான். நான் என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது?
— ஆசிரியை, கடலூர் மாவட்டம்

திங்கட்கிழமைக்கு முன்னாலேயே கேட்டீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. நானும் 31 வருஷம் சாக்பீஸ் பிடித்தவள்.

அவன் வருவதற்கு முன் வகுப்பில் இரண்டு நிமிஷம் பேசிவிடுங்கள்: அவன் மொட்டையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது, எப்படி ஆச்சு என்று துருவக் கூடாது, விளையாடக் கூப்பிட வேண்டும். அவன் வந்ததும் எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி அனுதாபம் சொல்லாதீர்கள். வராண்டாவில் தனியாக, “கேள்விப்பட்டேன்ப்பா, எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. கிளாஸ்ல உட்கார முடியலைன்னா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டு, வெளியே போய்ட்டு வா, கேட்க மாட்டேன்.” இது போதும். “அப்பா மேலேயிருந்து பார்க்கிறார், நல்லா படி” வேண்டவே வேண்டாம். கணக்கில் தப்புப் போடும்போதெல்லாம் அப்பா பார்க்கிறார் என்றால் பிள்ளை என்ன செய்வான்?

விடுபட்ட நோட்ஸுக்கு ஒரு வாரம் அல்ல, ஒரு மாதம் கொடுங்கள். ‘என் தந்தை’ கட்டுரை வந்தால் எல்லாருக்குமே தலைப்பை மாற்றிவிடுங்கள். அவனுக்கு மட்டும் மாற்றாதீர்கள். அப்புறம் அந்த விண்ணப்பப் படிவங்கள். ‘தந்தை பெயர்’ என்ற இடத்தில் பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று முதன்முதலில் எழுதுகிற நாள் ஒன்று வரும். உதவித்தொகைப் படிவமோ பஸ் பாஸோ, எதுவானாலும் அந்த ஒரு தடவை நீங்களே பேனாவை வாங்கி நிரப்பிவிடுங்கள். எனக்கு 1975-ல் எஸ்.எஸ்.எல்.சி. படிவத்தில் அது வந்தது. ‘லேட்’ என்றால் தாமதம் என்று மட்டும்தான் தெரியும். அப்பா தாமதமாக வருகிறார் என்று எழுதச் சொல்கிறார்களே என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவன் தந்தை விபத்தில் இறந்திருந்து, உங்களுடையது அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியாக இருந்தால், குடும்பத்துக்குச் சம்பாதித்த பெற்றோர் விபத்தில் இறந்தால் மாணவருக்கு வழங்கும் 75,000 ரூபாய் நிதிக்கு நீங்கள்தான் தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பிக்க வைக்க வேண்டும். வீட்டில் அது தெரிந்திருக்காது.

என் ஃப்ரெண்டோட அப்பா இறந்துட்டாங்க. வாட்ஸ்அப்பில் என்ன மெசேஜ் போடுறதுன்னு தெரியாம பத்து நாளா எதுவுமே போடல. இப்ப போட்டா தப்பா நினைப்பானா?
— பதினாறு வயது வாசகர்

தம்பி, கைகூப்புகிற ஸ்டிக்கர் போடாதே. நேரில் போ. “என்ன சொல்றதுன்னு தெரியலடா, அதான் வரல” என்று உள்ளதைச் சொல்லு. அவன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரிந்த ஏதாவது ஒன்று இருக்கும்: உங்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தது, திட்டியது. அதைச் சொல்லு. அவன் பேசாவிட்டால் நீயும் பேசாமல் உட்காரு. கேம் ஆடலாம் என்றால் ஆடு. பத்து நாளாகிவிட்டதே என்று பார்க்காதே. பதினாறாம் நாளுக்கு அப்புறம் கூட்டம் கலைந்துவிடும், அவனுக்கு ஆள் தேவைப்படுவது அப்போதுதான்.

என் தம்பிக்கு ஒரு கூட்டாளி இருந்தான். கருமாதி முடிந்த மறுநாள் காலையில் வாசலில் வந்து பெல் அடித்தான். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. “ஸ்கூலுக்கு நேரமாச்சுல்ல, ஏறு” என்று கேரியரைக் காட்டினான். அப்பா சைக்கிளை விற்ற பிறகு இரண்டு வருஷம், தம்பி பள்ளிக்கூடம் போனது அந்த கேரியரில்தான்.